தரையை மேயும் மடவை: தாமிரபரணி முகத்துவாரக் குளமொன்றின் நிகழ்வு ஆய்வு

புன்னைக்காயலில் கடலோடு சேர்வதற்கு முன் தாமிரபரணி கிளை கிளையாகப் பிரிகிறது. அந்தக் கிளைகளை ஒட்டியும் பழையகாயல் பக்கத்து உப்பளங்களின் ஓரத்திலும், உப்பு எடுப்பதை நிறுத்திவிட்ட பாத்திகளில் கரையை உயர்த்தி மடவைக் குஞ்சு விட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. நாலைந்து மாதம் போனதும் வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "தீனிக்கு ஒரு குறையும் வைக்கல, மீனு மட்டும் எடை ஏறவே மாட்டேங்கு."

அந்த முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு மீனின் வயிற்றிலிருந்து குளத்தின் தரை வரை போகிறது இந்த ஆய்வு. கீழே வரும் ஒரு ஏக்கர் குளம் தனி ஒருவருடையது அல்ல. இப்படிப்பட்ட குளங்களில் திரும்பத் திரும்ப நேரும் கோளாறுகளைச் சேர்த்து, கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக அமைத்த மாதிரிக் குளம்.

குளத்தின் நிலை

பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். தரை உப்பு ஊறிய களிமண், மேலே மெல்லிய வண்டல். தண்ணீர் எங்கும் ஒரே சீராக 120 செ.மீ. ஆழம், ஓடையிலிருந்து மோட்டார் வைத்து இறைத்தது. மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் நிற்கும். ஆகவே சுந்தரவனத்துக் குளங்களைப்போல் மதகைத் திறந்து வைத்து, ஏற்றத்திலேயே குளத்தை நிரப்பி வற்றத்திலேயே வடிக்கும் வசதி இங்கே கிடையாது. தண்ணீர் மாற்றுவது என்றால் டீசல் செலவு. அதனால்தான் இங்கே முதலிலேயே ஆழமாக நிரப்பி வைத்துவிடும் பழக்கம் வருகிறது.

ஆற்றில் வாரிய 2,500 குஞ்சுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். தீனி, அரிசித் தவிடு இரண்டு பங்குக்குக் கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு. மீனின் எடையில் நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் காலையில் கரையோரமாக வீசுவது. ஐந்து மாதம் ஆனபோது வீச்சு வலையில் விழுந்த மீன்கள் சராசரி 60 கிராம். தலை மட்டும் பெரிதாகவும், முதுகு ஒட்டியும் இருந்தன. 2,000 மீன் பிழைத்திருப்பதாக வைத்தால் 120 கிலோ மீன். தீனி தினம் 6 கிலோ. தண்ணீர் கரும்பச்சை. இறங்கினால் கால் கணுக்கால் வரை கருஞ்சேற்றில் புதைந்து, அழுகிய முட்டை வாடை எழும்பும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

இந்த நிலையில் குளக்காரர் செய்யும் அடுத்த வேலை தீனியைக் கூட்டுவது. அது நிலைமையை மேலும் கெடுக்கும். ஏன் என்று பார்க்க மடவையின் வாய், வயிறு இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்பு, குளத்தில் இருப்பது எந்த மடவை என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த மடவை

சந்தையில் மடவை என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் வருகின்றன. முகில் செஃபாலஸ் என்ற பெரிய இனம் நல்ல குளத்தில் ஒரு வருடத்தில் அரைக் கிலோவை ஒட்டி வரக்கூடியது. கடலில் பல கிலோ வரை வளரும். ஆனால் முகத்துவாரங்களில் எளிதாக வாரப்படுவது பெரும்பாலும் லைசா வகையைச் சேர்ந்த சிறிய மடவைகள். அவற்றில் சில என்ன போட்டாலும் கால் கிலோவைத் தாண்டாது. ஏறாத மீனுக்குத் தீனியைக் குறை சொல்லும் முன் பத்து மீனைப் பிடித்து இனம் பார்ப்பது அரை மணி நேர வேலை.

பெரிய இனத்துக்குக் கண்ணின் மேல் கெட்டியான கொழுப்புப் படலம் முன்னும் பின்னும் மூடி, கருவிழிக்கு நேரே செங்குத்தான ஒரு பிளவு மட்டும் திறந்திருக்கும். தலையின் மேற்பக்கம் அகன்று தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் செதில் வரிசைகளை ஒட்டி மங்கலான கோடுகள் நீளவாக்கில் ஓடும். சந்தேகம் வந்தால் வயிற்றைத் திறந்து, இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் தொங்கும் விரல் போன்ற சிறு பைகளை எண்ணலாம். முகில் செஃபாலஸில் அவை இரண்டே இரண்டு. மற்ற பல மடவைகளில் அதைவிடக் கூடுதல். குஞ்சாக இருக்கும்போது இந்த அடையாளங்கள் எதுவும் தெளிவாக இராது. அதனால்தான் வாரி வந்த குஞ்சை நேரே குளத்தில் விடாமல், ஒரு மூலையில் வலைத்தடுப்புக் கட்டி விரல் நீளம் தாண்டும் வரை வளர்த்து, கண்ணைப் பார்த்துப் பிரித்துவிடுவது நல்லது. வேலை கூடுதல்தான். ஆனால் 2,500 குஞ்சில் பாதி சிறிய இனம் என்றால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

மாதிரிக் குளத்தில் இருப்பவை பெரிய இனம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஏறவில்லை என்பதுதான் கேள்வி.

வாயிலிருந்து குடல் வரை

மடவையின் வாய் சிறியது, உதடு மெல்லியது, பல் மயிரிழை போன்றது. கடித்துத் தின்னும் வாய் அல்ல. தலையைக் கீழே சாய்த்து, வாயை முன்னே நீட்டி, தரையின் மேல்தோலை மட்டும் உறிஞ்சி எடுக்கிறது. டயாட்டம் என்ற நுண்பாசியும் நீலப்பச்சைப் பாசியும் நுண்ணுயிர் ஒட்டிய மக்கும் செடித்துகளும் அடங்கிய அந்தத் தோல் மேலேயுள்ள சில மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் கருஞ்சேறு மடவைக்கு உணவல்ல. மடவை சேறு தின்னும் மீன் என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. சேற்றின் மேல் வளர்வதைத் தின்னும்போது சேறும் கூட வருகிறது.

உறிஞ்சிய வாய்க்கொள்ளு அப்படியே வயிற்றுக்குப் போவதில்லை. செவுள் முட்களில் நெருக்கமான இழைகள் உள்ளன. தொண்டையின் மேற்புறத்தில் மெத்தை போன்ற ஒரு சல்லடை உறுப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து நுண்ணிய துகளைப் பிடித்து வைக்க, பருமணல் வாய் வழியாகவும் செவுள் வழியாகவும் வெளியே துப்பப்படும். தெளிந்த நீரில் மேயும் மடவையின் தலையைச் சுற்றி விட்டுவிட்டுப் புகை மாதிரி எழுவது இந்தத் துப்பல். நுண்துகளைத் தேர்வதில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரே எடைக்கு நுண்துகளின் மேற்பரப்பு அதிகம், அதில் ஒட்டிய பாக்டீரியாவும் அதிகம்.

இரைப்பை இரண்டு பகுதி. முன்பகுதி மெல்லிய பை. தின்றது அங்கே சேர்கிறது. பின்பகுதி தடித்த தசைச்சுவர் கொண்ட அரைவைப்பை, கோழிக்கு இருப்பது போன்றது. வயிற்றைத் திறந்ததும் உருண்டையாகக் கையில் கெட்டியாகப் படுவது அதுதான். உள்ளே போன நுண்மணல் இங்கே உதவுகிறது. சுவர் இறுகித் தளர, மணலோடு மணல் உரச, டயாட்டத்தின் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு உடைகிறது.

இங்கே ஜிலேபிக் கெண்டையோடு ஒப்பிடுவது பயன்படும், இரண்டும் ஒரே குளத்துப் பாசியைத் தின்பதால். ஜிலேபிக் கெண்டைக்கு அரைவைப்பை இல்லை. அதன் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது, அமிலகார நிலை 2-க்கும் கீழே இறங்கும். பாசியின் செல்சுவரை அமிலத்தாலேயே உடைத்துவிடும். மடவையிடம் அந்தக் கடும் அமிலம் இல்லை. அரைத்துத்தான் ஆகவேண்டும். ஆகவே வயிற்றில் மணல் இருப்பதைக் குறை என்று எண்ணக்கூடாது. ஆற்று மடவையின் இரைப்பையில் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் மணல் இருப்பதும் சாதாரணம்.

அரைத்தது நீண்ட குடலுக்குப் போகிறது. குடல் உடல் நீளத்தைப்போல் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு, சிலவற்றில் இன்னும் அதிகம். சுருள் சுருளாக மடிந்து கிடக்கும். சத்து குறைந்த உணவை நிறையத் தின்று மெதுவாகப் பிழிந்தெடுக்கும் உடலமைப்பு இது. பகல் முழுவதும் மேய்ந்துகொண்டே இருந்தால்தான் இந்த மீனுக்குக் கட்டும். காலையில் ஒருமுறை வீசும் தீனி இந்த உடலுக்கு ஏற்றதே அல்ல.

ஆற்றில் மேயும் முறை

முட்டையிலிருந்து வந்த குஞ்சு இப்படித் தின்பதில்லை. மடவை கடலில்தான் முட்டையிடுகிறது. அங்கிருந்து முகத்துவாரத்துக்குள் நுழையும் இரண்டு, மூன்று செ.மீ. குஞ்சின் வயிற்றில் பெரும்பாலும் கோபிபாட் போன்ற மிதக்கும் நுண்விலங்குகள் இருக்கும். ஆழமில்லாத ஓரங்களுக்கு வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு மாறுகிறது. ஐந்து செ.மீ.யை ஒட்டும்போது வயிற்றில் மணல் தெரியத் தொடங்கும். மீன் வளர வளர மணலின் பங்கு கூடும். ஆகவே நாற்றங்கால் குளத்தில் நுண்விலங்கு வேண்டும், வளர்ப்புக் குளத்தில் தரைப்பாசி வேண்டும். ஒரே குளத்தில் ஒரே உரத்தை வைத்து இரண்டையும் நடத்தப் பார்ப்பது முதல் மாதத்திலேயே குஞ்சைப் பட்டினி போடும்.

புன்னைக்காயல் பக்கம் வற்றத்தின்போது வெளியே தெரியும் சேற்றுத் திட்டுகளைப் பகல் பத்து மணிவாக்கில் பார்த்தால் மேலே பழுப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு பூச்சு மினுங்கும். சேற்றுக்குள்ளிருந்து வெளிச்சத்தைத் தேடி மேலேறி வந்த டயாட்டங்கள் அவை. நாவிகுலா, நிட்ஷியா, ப்ளூரோசிக்மா போன்றவை அதில் அடக்கம். தண்ணீர் திரும்ப ஏறும்போது மடவைக் கூட்டம் அந்த நீரின் முன்விளிம்போடேயே திட்டின்மேல் ஏறி மேயும். அடுத்த வற்றத்தில் அதே இடத்தில் சேற்றின்மேல் ஆழமில்லாத சிறு கீறல்கள் வரிசை வரிசையாகக் கிடக்கும். மடவை வாய் வைத்த தடம். எங்கே தீனி இருக்கிறது என்று தெரிய இந்தத் தடத்தைவிட நல்ல சான்று இல்லை.

தரை மட்டுமே மேய்ச்சல் அல்ல. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களிலும் பாலத்தூண்களிலும் படகின் அடியிலும் ஒட்டிய பாசியை உரசித் தின்னும். காற்றொதுக்கில் நுரையும் பாசித்துகளும் படலமாகச் சேரும் இடத்தில் மேல்மட்டத்துக்கு வந்து, தலையை வெளியே நீட்டி வாயால் அள்ளும். கரையில் நிற்பவருக்கு இது மூச்சுத் திணறுவது போலத் தோன்றலாம். வித்தியாசம் எளிது: மேயும் மீன் கூட்டமாக ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும், நிழல் விழுந்தால் சட்டென்று மறையும். திணறும் மீன் விடியலில் குளம் முழுதும் பரவி நிற்கும், கல் எறிந்தாலும் சற்று முங்கி உடனே மேலே வரும்.

மேய்ச்சல் பகலில்தான். இருட்டியபின் இரைப்பை மெல்லக் காலியாகிவிடும். இன்னொன்று, சினை முற்றிக் கடலை நோக்கிப் போகும் பெரிய மடவைகளின் வயிறு காலியாகவோ கிட்டத்தட்டக் காலியாகவோ இருக்கும். அவற்றை அறுத்துப் பார்த்து உணவைப்பற்றி முடிவு கட்டக்கூடாது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணை. அதைத் தாண்டி நீர் விழாத மாதங்களில் முகத்துவாரம் முழுக்க உப்புநீர்தான். தரை டயாட்டம் நன்றாகப் படியும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு செம்மண்ணோடு வரும்போது மேல்தோல் வண்டலுக்கடியில் போய்விடும், நீரும் கலங்கும். அப்போது பிடித்த மீனின் வயிற்றில் பாசி குறைந்து மக்கிய இலைத்துகள் கூடுதலாக இருக்கும். தெற்கே கருமேனியாறு, நம்பியாறு முகங்களைக் கோடையில் மணல் மேடிட்டு அடைக்கும்போது கதை வேறு. உள்ளே அகப்பட்ட மீன் அந்தத் தேங்கலில் கிடைக்கும் பாசியை வைத்தே காலம் தள்ளவேண்டும். ஒரு மாத மாதிரியை வைத்து ஒரு மீனின் உணவு இன்னது என்று எழுதுவது தவறாகப் போவது இதனால்தான்.

வயிற்றை அறுத்துப் பார்ப்பது

நேரம் முக்கியம். மேய்ச்சல் நடுவில், காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு மணிக்குள், வீச்சு வலையில் பிடிக்க வேண்டும். இரவு போட்டு விடியலில் எடுத்த செவுள்வலை மீன் உதவாது: வலையில் கிடந்த நேரத்திலேயே பாதி செரித்திருக்கும், சில கக்கியும் இருக்கும். பிடித்ததும் நொறுக்கிய பனிக்கட்டிக்குள். ஒரு மணி நேரத்துக்குள் அறுக்க முடியாவிட்டால் கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, வயிற்றைக் கீறி அதில் முக்கி வைக்கலாம். கையுறை இல்லாமல், மூடிய அறையில் ஃபார்மலினைத் தொடவேண்டாம்.

நீளம், எடை குறித்துக்கொண்டு, பின்துளையிலிருந்து செவுள் வரை கீறித் திறக்க வேண்டும். இரைப்பை காலி, கால், அரை, முக்கால், முழு என்று ஐந்து நிலையில் பதிவு. பார்க்க எடுப்பது இரைப்பையின் முன்பகுதியில் உள்ளதை மட்டும். அரைவைப்பையில் எல்லாம் உடைந்திருக்கும். குடலில் கடினமான ஓடுகள் மட்டும் மிஞ்சி, மென்பாசியே தின்னாதது போன்ற பொய்க்கணக்கு வரும். எடுத்ததைத் தண்ணீர் சேர்த்து 10 மி.லி. ஆக்கி, நன்றாகக் கலக்கி, அதில் 1 மி.லி. எடுத்து எண்ணும் கண்ணாடித்தட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியது டயாட்டம் இருக்கிறதா என்பது மட்டுமல்ல, உயிரோடு தின்னப்பட்டதா என்பது. உயிரோடு போனதில் பொன்பழுப்பு நிறம் உள்ளே தெரியும். வெறும் ஓடு என்றால் எப்போதோ செத்துச் சேற்றில் கிடந்தது. வெற்று ஓடுகள் மிகுந்தால் மீன் நல்ல மேய்ச்சலில் இல்லை என்று கொள்ளலாம். படகு போல் நீண்டவை பெரும்பாலும் தரைவாழ் வகை. வட்டத் தட்டாக உள்ளவை பெரும்பாலும் மிதப்பவை.

அதே நாளில் குளத்துத் தரையின் மேல்தோலையும் சுரண்டி எண்ணிப் பார்த்தால்தான் மீன் தேர்ந்து தின்கிறதா, கிடைத்ததைத் தின்கிறதா என்று தெரியும். வயிற்றில் ஒரு பாசி வகையின் பங்கிலிருந்து தரையில் அதே வகையின் பங்கைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வயிற்றில் நூற்றுக்கு 30, தரையில் 10 என்றால் 20-ஐ 40-ஆல் வகுக்க 0.5, தேடித் தின்கிறது. சுழிக்கு அருகே வந்தால் பாராமல் தின்கிறது. கழித்தல் குறி வந்தால் ஒதுக்குகிறது.

மணலைப் பிரித்தறிய, உலர்த்தி எடை போட்ட மாதிரியை 550 டிகிரி செல்சியஸ் உலையில் நாலைந்து மணி நேரம் எரித்து மறுபடி எடை போட வேண்டும். குறைந்த எடைதான் உயிர்ப்பொருள். உலை இல்லாத இடத்தில் விரல்தான் கருவி: நல்ல மேய்ச்சல் மீனின் இரைப்பைச் சரக்கு ஆலிவ் பழுப்பு நிறத்தில், தேய்த்தால் நறநறவென்று, பாசி வாடையோடு இருக்கும்.

குளத்து மீனில் கண்டது, காரணம்

மாதிரிக் குளத்தின் நிலையில் வளரும் மீனை அறுத்தால் கிடைப்பது வேறு. காலை ஒன்பது மணிக்கு இரைப்பையில் தவிட்டு உமி. நண்பகலில் பாதி காலி, மீதி வழவழப்பான கருஞ்சேறு. நறநறப்பு இல்லை. டயாட்டத்தில் உயிருள்ளவை அரிது. அதாவது காலையில் தீனி தின்றுவிட்டு, மீதிப் பகலெல்லாம் ஒன்றுமில்லாத தரையை நக்கிக்கொண்டிருக்கிறது.

தரையில் ஏன் ஒன்றுமில்லை? 20 செ.மீ. அகலத் தகரமூடியைக் கால் கால் வட்டமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசி, நடுவில் கயிறு கட்டி இறக்கினால் இந்தக் குளத்தில் 15 செ.மீ.யில் மறைகிறது. பாசி பிழைக்கத் தேவையான வெளிச்சம், மூடி மறையும் ஆழத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு வரை போகும். இங்கே 30 முதல் 40 செ.மீ. தரையோ 120-ல். தரை நாள் முழுதும் இருட்டு. மிஞ்சிய தீனி அழுகி உரமாகி மிதக்கும் பாசியை வளர்க்கிறது, மிதக்கும் பாசி தரைக்குப் போகும் வெளிச்சத்தை மறைக்கிறது, தரை செத்ததும் மீன் மேலும் தீனியையே நம்புகிறது, தீனி கூட்டப்படுகிறது. இரவில் அந்தப் பாசியும் அழுகும் தரையும் சேர்ந்து ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் விடியலில் மீன் மேலே வருகிறது.

தவிடும் புண்ணாக்கும் மடவைக்கு ஆகாது என்று இதற்குப் பொருளல்ல, நன்றாகவே தின்னும். ஆனால் அது மேய்ச்சலுக்கு மேல் கொடுக்கும் கைத்தீனி. முழுச் சாப்பாடாக அதையே போட்டு மடவை வளர்ப்பது, விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகாத வேலை.

தரையை எழுப்புவது

இருக்கும் மீனை வேறு இடத்துக்கு மாற்றி, குளத்தை வடித்து, பங்குனி வெயிலில் தரை இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு வெடிக்கும் வரை காயவிட வேண்டும். ஏழிலிருந்து பத்து நாள். கறுப்புச் சேற்றை மேலாக வழித்துக் கரையின் வெளிப்புறம் கொட்டலாம், உள்புறம் கொட்டினால் முதல் மழையில் திரும்பி வரும். காயும்போதே ஒரு பக்கம் 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், தரையிலிருந்து 70 செ.மீ. ஆழத்துக்குக் கால்வாய் தோண்ட வேண்டும். மேய்ச்சல் தரையில் 40 செ.மீ. தண்ணீர்தான் நிற்கப்போகிறது, சித்திரை வெயிலில் அது கொதிக்கும்போது மீன் இறங்கி நிற்க இந்த இடம் வேண்டும்.

அடுத்து கொடுவா, கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை எதுவும் மிஞ்சாமல் கொல்வது. இலுப்பைப் புண்ணாக்கு ஒரு கன மீட்டர் நீருக்கு 250 கிராம். தரையில் 10 செ.மீ. நீர் என்றால் 400 கன மீட்டர், 100 கிலோ. இங்கேதான் பலர் சறுக்குவது: கால்வாய் நீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 60 × 3 × 0.7 என்றால் 126 கன மீட்டர், இன்னும் 32 கிலோ. அதை விட்டால் விஷம் நீர்த்து, கால்வாய்க்குள் பதுங்கிய இரண்டு கொடுவா பிழைத்து, குஞ்சில் பெரும்பங்கைத் தின்று தீர்க்கும். புண்ணாக்கை முந்தின இரவு ஊறவைத்து, கரைத்துத் தெளிக்க வேண்டும். சில மணி நேரத்தில் மீன் மிதக்கும். விஷம் தீர இரண்டு மூன்று வாரம். பிறகு அதுவே உரம்.

அந்த இடைவெளியிலேயே பாசிப்படை, அதாவது தரையில் தோலாகப் படியும் பாசி அடுக்கு, எழுப்பத் தொடங்கலாம். பிலிப்பைன்ஸில் பால்மீன் குளங்களில் லாப்லாப் என்று சொல்லும் முறைதான் இது. ஏக்கருக்கு உலர்ந்த கோழி எரு 400 முதல் 800 கிலோ வரை; தரை புதிதாகக் காய்ந்து வெளுத்திருந்தால் கூடுதலாக, பழைய வண்டல் இருந்தால் குறைவாக. எரு சீக்கிரம் மட்க 10 கிலோ யூரியா. தரையில் 5 முதல் 10 செ.மீ. தண்ணீர் மட்டும். ஒரு வாரத்தில் பழுப்புப் பூச்சு தெரிந்ததும் ஒவ்வொரு தடவையும் 3 முதல் 5 செ.மீ. வீதம் ஏற்றி, ஐந்தாறு வாரத்தில் 40 செ.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். ஒரே நாளில் ஏற்றினால் படை பெயர்ந்து மிதந்துவிடும். விடும் தண்ணீரை நெருக்கமான வலைப்பை வழியாகவே விடவேண்டும். இல்லையென்றால் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு மறுபடி புகுந்துவிடும், அது புகுந்த குளத்தில் மடவைக்கு மிச்சம் கிடைக்காது.

இந்த வட்டாரத்துக்கே உரிய தொல்லை, நீர் ஆவியாவது. உப்பு விளைகிற சீமையில் 10 செ.மீ. தண்ணீர் எத்தனை நாள் நிற்கும்? மூன்று செ.மீ. ஆவியானாலே ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 50 ஆகிவிடும். உப்பின் அடர்வைப் பார்க்க உப்பளத்தில் வைத்திருக்கும் பாமே மானியே போதும்: கடல்நீர் மூன்றரை டிகிரியை ஒட்டிக் காட்டும். ஐந்தைத் தாண்டவிடாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓடைநீர் விட்டுக்கொண்டிருக்க வேண்டும். மடவை அதற்கு மேலும் தாங்கும். தாங்குவது வேறு, தின்று வளர்வது வேறு. மறுபக்கம், உப்பு மிகக் குறைந்தால் படைப்பாசிக்குப் பதில் நீளநீளமான நூல்பாசி கிளம்பும். பெரிய மீன் அதைக் கிள்ளித் தின்னும், சிறிய மீன் அதில் சிக்கிச் சாகும்.

படை கையில் எடுத்தால் தோலாக வரும் அளவு தடித்ததும் ஏக்கருக்கு 1,000 முதல் 1,200 மடவை போதும். 2,500 விட்டால் ஆறு வாரத்தில் தரை மொட்டையாகிவிடும். மூலையில் ஒரு சதுர மீட்டரைக் கம்பிவலையால் மூடி மீன் புகாமல் விட்டு வைத்தால், உள்ளேயும் வெளியேயும் படையின் தடிப்பை ஒப்பிட்டு எவ்வளவு மேயப்படுகிறது என்று வாராவாரம் பார்க்கலாம். வெளியே மண் தெரியத் தொடங்கியதும் கைத்தீனி: சலித்த தவிடும் பொடித்த புண்ணாக்கும் ஈரமாகப் பிசைந்து தட்டில் வைத்து, மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு, காலை ஒரு பங்கு, மதியம் ஒரு பங்கு. இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். கரையிலிருந்து வீசினால் மிச்சம் தெரியாது.

கெடும் இடங்கள்

நல்ல வெயிலில் மதியத்துக்கு மேல் பாசிப்படைக்குள் ஆக்சிஜன் குமிழ் சேர்ந்து துண்டு துண்டாகப் பெயர்ந்து மிதக்கும். கொஞ்சம் மிதப்பதை மீனே தின்றுவிடும். மேற்கிலிருந்து வீசும் ஆடிக் கச்சான் காற்றில் அது முழுதும் கிழக்கு மூலையில் போய் ஒதுங்கி அழுகும். அன்றன்றைக்கே மூங்கிலால் வாரிக் கரையேற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் அந்த மூலையில் தரை கறுத்துவிடும்.

தண்ணீர் பச்சையாகத் தொடங்கினால் உரத்தை உடனே நிறுத்த வேண்டும். தகரமூடி 30 செ.மீ.க்கு முன்பே மறைந்தால் கால் பங்கு நீரை மாற்றலாம். 40 செ.மீ. குளத்தில் கால் பங்கு என்பது 400 கன மீட்டர்தான். பழைய ஆழத்தில் அது 1,200 ஆகியிருக்கும். டீசல் மிச்சத்துக்காக ஆழமாக நிரப்பியவர் இங்கே இரட்டை நட்டம் காண்கிறார்.

பால்மீனையும் மடவையையும் சேர்த்து விடுவது பழக்கத்தில் உண்டு. சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு நடுவண் நிறுவனம் 2015-இல் பால்மீனைச் செயற்கையாகப் பொரிக்க வைத்ததிலிருந்து அதன் குஞ்சு கிடைப்பதும் எளிதாகியிருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே படையைத்தான் தின்கின்றன. பால்மீன் 500 விட்டால் மடவையில் 500 குறைத்தே ஆகவேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் மழை. 40 செ.மீ. தண்ணீரில் 10 செ.மீ. மழை விழுந்தால் 30 இருந்த உப்பு 24-க்கு இறங்கும். அதைப் படை தாங்கும். அதற்கு மேல் போகாமலிருக்க மதகின் மேல்பலகையை மட்டும் எடுத்து, மேலே மிதக்கும் மழைநீரை முதலில் வடிக்க வேண்டும். அடிப்பலகையைத் திறந்தால் உப்புநீர் போய் நன்னீர் தங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழைக்கு மதகும் பலகையும் நிற்காது. ஆகவே மாசியில் குஞ்சு விட்டு, புரட்டாசிக் கடைசிக்குள் பெரிய மீனைப் பிடித்துவிடும்படி கணக்கை முன்னே தள்ளிக்கொள்வது இந்தக் கரைக்குப் பொருந்தும். அதற்குக் குளத்தை மார்கழி, தையிலேயே காயப்போட வேண்டியிருக்கும். மழை பிந்தி நிற்கும் வருடத்தில் தரை வெடிக்க இருபது நாள் கூட ஆகலாம். அவசரப்பட்டு ஈரத்திலேயே எரு போட்டால் அந்தக் கறுப்புச் சேறு மறுபடி அடியில் தங்கிவிடும்.